தள்ளுவண்டி விளக்கு மீது ஓர் ஆட்சேபம்

பிப்ரவரி 11, செவ்வாய்

இன்று எனக்கு ஒதுக்கிய விண்ணப்பங்களில் பாதிக்கு மேல் பேட்டரி. உலகத்தில் யாருக்கும் வேறு வேலை இல்லை போலிருக்கிறது. பெரிய கம்பெனிகளுடையவை வக்கீல் பாஷையில் வழுக்கிக்கொண்டே போகும். எங்கே பிடித்தாலும் கை நழுவும். ஒன்று மட்டும் தனி ஆளுடையது. பெயர் கோதண்டபாணி, ஊர் மாடம்பாக்கம். ஏஜென்ட் வைத்துக்கொள்ளாமல் தானே எழுதி, தானே படம் வரைந்து, தானே தாக்கல் செய்திருக்கிறார். தனி ஆள் விண்ணப்பம் என்றால் எங்கள் செக்‌ஷனில் எல்லோருக்கும் அலுப்பு. கம்பெனிக்காரர்கள் எதையும் சொல்ல மாட்டார்கள், இவர்கள் எல்லாவற்றையும் சொல்வார்கள்.

காப்புரிமை கேட்டு வருகிற கண்டுபிடிப்பு உண்மையிலேயே புதியதுதானா என்று தேடிப் பார்த்து, இல்லையென்றால் ஆட்சேபம் எழுதுவது என் வேலை. பதினெட்டு வருடமாக "இது ஏற்கெனவே இருக்கிறதே" என்று ஜனங்களிடம் சொல்லிச் சம்பளம் வாங்குகிறேன். பிறகு யாருக்கு என்னைப் பிடிக்கும்?

வருகிற வழியில் தேவகி வண்டியில் இரண்டு தோசை. வீட்டுக்கு வந்து துணி ஊற வைத்தேன். துவைக்கவில்லை.

பிப்ரவரி 13, வியாழன்

நேற்று ஊற வைத்த துணி நாறுகிறது. முந்தாநாள் ஊற வைத்தது என்று எழுத வேண்டும்.

மாடம்பாக்கம் விண்ணப்பத்தைப் படித்தேன். திரும்பத் திரும்ப சார்ஜ் செய்கிற பேட்டரி, துத்தநாகமும் தண்ணீருமாகச் செய்தது. தீப்பிடிக்காது, விலையும் குறைவு. இதில் எல்லோருக்கும் ஒரே தலைவலிதான். சார்ஜ் ஏற ஏற துத்தநாகத்தில் ஊசி ஊசியாக முள் வளரும். அது நடுவில் இருக்கிற துணியைக் குத்திக்கொண்டு எதிர்ப்பக்கம் போய்த் தொட்டால் பேட்டரி செத்தது. இந்த மனிதர் துணியைப் புடவைக் கொசுவம் போல மடித்து வைத்திருக்கிறார். மடிப்புக்குள் போகிற முள் வழி தெரியாமல் அங்கேயே கரைந்துவிடுகிறது. இவ்வளவுதான் விஷயம். இதை ஏன் இத்தனை பேர் யோசிக்கவில்லை?

"என் மனைவி கல்யாணத்துக்குக் கிளம்பியபோது எனக்கு இது தோன்றியது" என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வேறு எழுதியிருக்கிறார். அதை நீக்கச் சொல்ல வேண்டும். நீக்கச் சொல்ல மனமில்லை.

நாள் முழுக்கத் தேடினேன். எந்த நாட்டிலும் இப்படி ஒன்று கிடைக்கவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ரொம்ப நாளாயிற்று ஆபீஸில் சந்தோஷப்பட்டு.

பிப்ரவரி 17, திங்கள்

பார்க்காமல் இருந்திருக்கலாம்.

தேவகியின் வண்டி எங்கள் தெரு முனையில், வேளச்சேரி பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால் நிற்கிறது. வழக்கமாக நான் கல்லுக்கு எதிரே நின்று சாப்பிடுவேன். இன்று கூட்டம். தள்ளித் தள்ளி வண்டியின் பின்பக்கம் போய்விட்டேன். அடுப்புக்குக் கீழே தட்டில் ஒரு கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் டப்பா, அதிலிருந்து விளக்குக்கு ஒயர் போகிறது. டப்பாவுக்குள் தண்ணீர், தகடு, நடுவே வெள்ளைத் துணி. கொசுவம் கொசுவமாக மடித்த துணி.

"இது என்ன பேட்டரி தேவகி?" என்று கேட்டேன்.

"அதுவாக்கா? மாடம்பாக்கத்து சார் ஒருத்தர் குட்த்தாரு. அனல்ல, எண்ணெயில, வண்டி குலுங்குறதுல எவ்ளோ தாங்குதுன்னு பாக்கணுமாம். வூட்டுல வெச்சா அதெல்லாம் தெரியாதாம். காசு ஒண்ணியும் வாங்கல. வாராவாரம் வந்து மீட்டர வெச்சிப் பாத்துக்கினு போவாரு. தோச துன்னா மட்டும் துட்டு குட்த்துடுவாரு, நல்ல மனுசன்."

"எப்பலேருந்து இருக்கு?"

"எம் பொண்ணு பத்தாவது பரீட்ச எழுதுனால்ல, அந்த மாசந்தான். கரன்ட் போயி தெருவே இருட்டா கெடந்துச்சு, என் வண்டியில மட்டும் லைட்டு. புள்ள இங்கதான் குந்திக்கினு படிச்சா."

வேண்டாம் என்றாலும் மூளை கணக்குப் போட்டுவிடுகிறது. அவர் விண்ணப்பம் தாக்கல் செய்தது அதே வருடம், தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னால். அதாவது விண்ணப்பத்துக்கு முன்பே இந்த டப்பா தெருவில் எல்லோர் கண்ணிலும் பட எரிந்திருக்கிறது. விண்ணப்பத்துக்கு முன்னால் ஊரறிய உபயோகித்துவிட்டால் அது புதியதல்ல. கண்டுபிடித்தவரே உபயோகித்தாலும் அப்படித்தான்.

ஆனால் சட்டத்தில் ஓரமாக ஒரு விலக்கு இருக்கிறது. பொதுவெளியில் வைத்தால்தான் சோதிக்க முடியும் என்கிற பொருளை, சோதனைக்காக மட்டும், விண்ணப்பத்துக்கு முந்தைய ஒரு வருடத்துக்குள் அப்படி வைத்திருந்தால் தப்பில்லை. இவருக்கு அது அப்படியே பொருந்தும். பிழைத்தார். ஒரே ஒரு நிபந்தனைதான், அவர் அதைச் சொல்ல வேண்டும்.

முறைப்படி நான் நாளைக்கே ராஜரத்தினம் சாரிடம் போய், "இந்த பேட்டரியை எனக்கு நேரில் தெரியும், ஃபைலை வேறு யாருக்காவது மாற்றுங்கள்" என்று சொல்ல வேண்டும்.

பிப்ரவரி 18, செவ்வாய்

ராஜரத்தினம் சார் எங்கள் கன்ட்ரோலர். நான் அறிக்கை எழுதுவேன், முடிவு செய்வது அவர். இன்று அவருக்குப் பல்வலி. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவரிடம் தோசை வண்டியைப் பற்றிப் பேச முடியவில்லை. நாளைக்குச் சொல்லலாம்.

பிப்ரவரி 24, திங்கள்

சொல்லவில்லை. ஃபைலை மாற்ற வேண்டுமென்றால் ஒரு குறிப்பு, அதற்கு ஒரு விளக்கம், அந்த விளக்கத்துக்கு ஒரு விளக்கம். எனக்கு அலுப்பாக இருக்கிறது. உண்மையில் அதுதான் காரணம்.

அறிக்கையை எழுதி முடித்தேன். மனைவி வரியை நீக்கவும். படத்தில் எண்களைத் திருத்தவும். கடைசியாக ஒன்று: "விண்ணப்பத் தேதிக்கு முன் இக்கண்டுபிடிப்பு பொதுவெளியில் எங்கேனும் உபயோகிக்கப்பட்டிருந்தால் விவரம் தரவும்."

பக்கத்து மேஜை பெனடிக்டா எட்டிப் பார்த்தாள். "இது எதுக்குடி? இத யாரும் கேக்கறதில்லையே."

"கேட்டா என்ன?"

"கேட்டா பயந்துடுவாங்க."

பயப்பட என்ன இருக்கிறது? கேட்டால் சொல்வார், சொன்னால் விஷயம் தீர்ந்தது. எனக்கும் நல்லது, அவருக்கும் நல்லது.

மார்ச் 15, சனி

என் வீட்டுக்காரருக்கு வருஷ திதி. மகள் பெங்களூரிலிருந்து வந்து எல்லாம் சமைத்தாள், பரிமாறினாள், சாயங்கால ரயிலுக்குப் போய்விட்டாள். போகும்போது, "இனிமேயாவது வீட்டுல பண்ணிச் சாப்பிடும்மா. ஒரு வருஷமா ரோட்டுல நின்னு சாப்பிடற" என்றாள்.

அரிசி அளக்கும்போது கை தானாக இரண்டு பேருக்கு எடுக்கிறது. பாதியைத் திரும்பக் கொட்ட வேண்டியிருக்கிறது. அது எனக்குத் தாங்கவில்லை, அதனால் சமைப்பதில்லை. இதை அவளிடம் எப்படிச் சொல்வது? தேவகி இரண்டு தோசை வைப்பாள், எதையும் துருவிக் கேட்பதில்லை, என்னக்கா முகம் வாடியிருக்கு என்று மட்டும் கேட்பாள். அதற்கு நான் பதில் சொல்லாவிட்டாலும் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

ஏப்ரல் 9, புதன்

தேவகி வண்டியில் இருட்டு.

கடையில் வாங்கிய சின்ன சார்ஜர் லைட் ஒன்றைக் கம்பில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறாள். தோசை வெந்ததா கருகியதா என்று குனிந்து பார்க்க வேண்டியிருக்கிறது. பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்கள் வண்டி இருப்பதே தெரியாமல் தாண்டிப் போகிறார்கள்.

"இன்னா ஆச்சு?" அவள் பாஷை எனக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

"சார் வந்து டப்பாவக் கழட்டிக்கினு பூட்டாருக்கா. மூஞ்சே சரியில்ல. கெவர்மென்ட்டுலேர்ந்து இன்னாவோ கேட்டு எழுதிக்கிறாங்களாம். யாரு கேட்டாலும் என்னிய தெரியாதுன்னு சொல்லிடு தேவகி, கொஞ்ச நாளிக்கின்னாரு. அயனாவரத்துல ஒரு இஸ்திரி வண்டி, இங்க பக்கத்துல பழ வண்டி, அல்லாத்துலயும் எட்த்துட்டாராம்."

"யாரு கேட்டு எழுதினாங்களாம்?"

"யாருக்குத் தெரியும்? எவனோ வேல வெட்டி இல்லாதவன்."

இரண்டாவது தோசை இறங்கவில்லை. பாதியோடு வைத்துவிட்டேன். நல்லாயில்லையா அக்கா, வெளிச்சம் இல்லாம தீஞ்சிட்டுதா என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

ஏப்ரல் 22, செவ்வாய்

கோதண்டபாணியின் பதில் வந்துவிட்டது. மனைவியை நீக்கிவிட்டார். படத்தைத் திருத்திவிட்டார். கடைசிக் கேள்விக்கு: "இக்கண்டுபிடிப்பு என் வீட்டு மாடியறைக்கு வெளியே ஒருபோதும் உபயோகிக்கப்படவில்லை."

இணையத்தில் பாதிச் சட்டம் படித்தவர்கள் செய்கிற தப்பு இது. ஊரறிய உபயோகித்தால் காப்புரிமை போய்விடும் என்கிற வரை படித்திருக்கிறார். அடுத்த பக்கத்தைப் புரட்டவில்லை. உண்மையைச் சொல்லியிருந்தால் சட்டமே அவருக்குக் குடை பிடித்திருக்கும். பொய் சொல்லித் தானே தன் தலையில் மண்ணை வாரிப் போட்டுக்கொண்டார்.

இது அமுங்கிப் போகவும் போகாது. இதே பேட்டரிக்காக வரிசையில் நிற்கிற பெரிய கம்பெனிகள் இருக்கின்றன. காப்புரிமை கிடைத்த மறுநாளே ஆள் விட்டு விசாரிப்பார்கள். வேளச்சேரியில் அந்த விளக்கைப் பார்க்காதவர் யார்? அப்போது விலக்கு கேட்டால், "முதலில் ஏன் மறைத்தாய்?" என்பார்கள்.

நான் "பதில் திருப்தி" என்று எழுதினால் தெரிந்தே பொய்க்குக் கையெழுத்துப் போடுகிறேன். "பதில் பொய்" என்று எழுதினால் எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். பிப்ரவரியில் சொல்லியிருக்க வேண்டும். சனியன் பிடித்த பல்வலி.

மே 6, செவ்வாய்

ராஜரத்தினம் சார் கூப்பிட்டார். "மாடம்பாக்கம் ஃபைல்ல தேடி ஒண்ணும் கிடைக்கல இல்ல? அப்புறம் ஏன் நிறுத்தி வெச்சிருக்கீங்க?"

"ஒரு பதில் தெளிவா இல்ல சார்."

"எது?"

"பொது உபயோகம்."

மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "சரி, ஹியரிங் வெச்சுடலாம். நேரா கேட்டுடுவோம்" என்றார். ஜூன் பாதியில் தேதி.

மே 20, செவ்வாய்

வெயில். ஆபீஸ் ஏ.சி. வேலை செய்யவில்லை. விண்ணப்பதாரரிடம் என்னைப் போன்ற எக்ஸாமினர்கள் வெளியே பேசக் கூடாது. இது விதி, நல்ல விதியும்கூட. இல்லாவிட்டால் கம்பெனிக்காரர்கள் எங்களைக் காபி கிளப்பிலேயே முடித்துவிடுவார்கள். இத்தனை வருடத்தில் நான் ஒருவரிடமும் பேசியதில்லை. கல்யாண வீட்டில்கூட, ஒருவர் பேட்டரி என்று ஆரம்பித்ததும் பந்திக்குப் போய்விட்டேன்.

தேவகி மாவு அரைப்பதைப் பாதியாகக் குறைத்துவிட்டாள். மீதமாகிப் புளிக்கிறதாம். பெண்ணுக்குக் காலேஜ் திறக்கப் போகிறது என்றும் சொன்னாள்.

தேவகி விண்ணப்பதாரர் அல்ல.

ஜூன் 3, செவ்வாய்

தேவகி வண்டியில் இரண்டு தோசை, ஓர் ஆம்லெட். தூறல், ஆளில்லை. ரொம்ப நேரம் நின்று பேசிக்கொண்டிருந்தோம். எழுத ஒன்றுமில்லை.

ஜூன் 4, புதன்

தூக்கமே இல்லை. கொசு.

ஜூன் 17, செவ்வாய்

இப்போதெல்லாம் ஹியரிங் வீடியோவில்தான். சார் என்னையும் பக்கத்தில் உட்காரச் சொன்னார், பேட்டரி விஷயம் ஏதாவது கேட்க வேண்டியிருக்கும் என்று. கேமராவில் படாமல் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டேன்.

கோதண்டபாணியை முதன்முதலாகப் பார்த்தேன். ஐம்பது வயதிருக்கும். கழுத்துப் பட்டன் வரை போட்ட முழுக்கைச் சட்டை, புதிதாகச் சாயம் அடித்த தலை. மேஜையில் அந்த டப்பா.

சார் நேராக விஷயத்துக்கு வந்தார். "வெளியில எங்கயும் உபயோகிக்கலன்னு பதில் குடுத்திருக்கீங்க. அப்படித்தானே?"

"இல்ல சார். அது தப்பு. அந்தப் பதிலை வாபஸ் வாங்கிக்கறேன் சார்." வார்த்தை வார்த்தையாக மனப்பாடம் செய்தது போலச் சொன்னார். "மூணு தள்ளுவண்டியில சோதனைக்கு வெச்சேன். விண்ணப்பத்துக்கு முந்தின ஒரு வருஷத்துக்குள்ளதான். அனலும் குலுக்கலும் தெருவுலதான் சார் கிடைக்கும், மாடியறையில கிடைக்காது. சோதனைக்கு மட்டும்தான். விலக்கு கேக்கறேன் சார்."

"பின்ன ஏன் அப்படி எழுதினீங்க?"

"பயந்துட்டேன் சார். கேள்வியைப் பாத்ததும் கை கால் ஓடல. அந்த விலக்கு இருக்கறதே அப்பத் தெரியாது."

"இப்ப எப்படித் தெரிஞ்சுது?"

அவர் பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தார். நான் என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது அவர் பக்கத்திலிருந்து ஒரு குரல், "நாந்தான் சார் சொன்னேன்" என்றது. திரையில் தேவகி வந்து உட்கார்ந்தாள். எண்ணெய் வைத்து வாரிய தலை, நல்ல புடவை. சாட்சிக்கு அழைத்து வந்திருக்கிறார்.

"நீங்க யாரும்மா?"

"தேவகி சார். வேளச்சேரில தோச வண்டி வெச்சிக்கிறேன். இந்த டப்பா எங்கிட்டதான் இருந்துச்சு."

"சட்டத்துல விலக்கு இருக்குன்னு உங்களுக்கு யார் சொன்னாங்க?"

"கடைக்கு நாலு பேர் வருவாங்க, நாலு பேசுவாங்க சார். வக்கீலுங்ககூட வந்து துன்னுவாங்க. உண்மையச் சொன்னா ஒண்ணும் ஆவாது, அதுக்கு வழி கீதுன்னாங்க. நான் சாருக்குப் போன் போட்டுச் சொன்னேன்."

"யாருன்னு பேர் சொல்ல முடியுமா?"

"தோச துன்ற ஆளுங்கள்ட்ட பேரு கேப்பாங்களா சார்?"

சார் சிரித்துவிட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "எக்ஸாமினர் ஏதாவது கேக்கணுமா?" என்று லேப்டாப்பைத் திருப்பினார். மறுக்க வழியில்லை. திரையின் மூலையில் என் முகம் தெரிந்தது. தேவகி பார்த்தாள். ஒரு விநாடி அவள் கண் விரிந்தது. அவ்வளவு நாளும் நான் ஏதோ ஆபீஸ் என்று மட்டும்தான் அவளுக்குத் தெரியும். கேள்வி கேட்டு எழுதிய வேலைவெட்டி இல்லாதவள் யார் என்று அப்போதுதான் புரிந்திருக்கும்.

"பேட்டரிக்கு இவர் உங்ககிட்ட ஏதாவது காசு வாங்கினாரா?" என்று கேட்டேன். பதில் தெரிந்த கேள்வி. எழுத்தில் வர வேண்டுமென்று கேட்டேன்.

"இல்லீங்க மேடம்" என்றாள். எழுந்து போகும்போது, "வணக்கம் மேடம்."

என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னாள். தெரியும். இருந்தாலும் வலித்தது. ஒரு வருடமாக அக்கா என்று கூப்பிட்டவள்.

ஜூன் 18, புதன்

தலைவலி என்று நேராக வீட்டுக்கு வந்துவிட்டேன். பிஸ்கெட்.

ஜூன் 26, வியாழன்

சார் கேட்டபடி கோதண்டபாணி உறுதிமொழிப் பத்திரம் அனுப்பிவிட்டார். மூன்று வண்டிக்காரர்களும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். சார் நிதானமாகப் படித்தார். முதலில் பொய் சொன்னதைப் பற்றி உத்தரவில் இரண்டு வரி கடுமையாக எழுதினார். விலக்கை ஏற்றுக்கொண்டார். காப்புரிமை வழங்கியாயிற்று.

நான் எழுந்தபோது, "வசுமதி, உங்க வீடும் வேளச்சேரிதானே?" என்றார்.

"ஆமா சார்."

"தனியாத்தான் இருக்கீங்க இல்ல? ராத்திரி சாப்பாடெல்லாம் எப்படி?"

அவர் குரலில் கோபம் இல்லை. கையெழுத்துப் போட்ட பேனாவுக்கு மூடி போட்டுக்கொண்டே கேட்டார். சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் ஃபைலைப் பெனடிக்டாவிடம் மாற்றி இன்னொரு முறை பார்க்கச் சொல்லியிருப்பார், எனக்கு ஒரு மெமோ வந்திருக்கும், அத்தோடு போயிருக்கும். இதெல்லாம் படியிறங்கும்போதுதான் தோன்றியது.

"வீட்டுலதான் சார். நானே பண்ணிக்கறேன்."

"நல்லது" என்றார். "உடம்பைப் பாத்துக்கோங்க."

பஸ்ஸிலிருந்து இறங்கியபோதே முனையில் வெளிச்சம் தெரிந்தது. டப்பா திரும்பி வந்துவிட்டது. வண்டியைச் சுற்றி நல்ல கூட்டம், கரண்டி கல்லில் சுரண்டுகிற சத்தம் ரோட்டுக்கு இந்தப்பக்கம் வரை கேட்டது. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. மார்க்கெட் தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு, மாவு ஒரு பாக்கெட் வாங்கிக்கொண்டு வந்தேன்.

சாரிடம் சொன்னது பொய்யாகிவிடக் கூடாது. இரண்டு தோசை சுட்டேன். முதலாவது கல்லோடு ஒட்டிக்கொண்டது, சுரண்டித்தான் எடுத்தேன். உட்காரவில்லை, நின்றுகொண்டே சாப்பிட்டேன். பாக்கெட்டில் இன்னும் நிறைய மாவு இருக்கிறது. நாளைக்கும் சுட வேண்டும்.